தேயிலைப் பெட்டியில் ஒரு நாற்காலி

பிள்ளைகளே, கால் ஆடுகிறதென்று நீங்கள் வெளியே போட்ட நாற்காலி மழையில் நனைந்துவிட்டது. அந்த ஈரப் பலகை வாசம் என்னை இலங்கை மலைநாட்டில், றொசல்லவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீட்டுக்கே கொண்டுபோனது.

உங்கள் அத்தைக்கு அப்போது பத்து வயது. மலையில் விழுந்ததில் முழங்கால் மடங்காமல் போயிற்று. தோட்டப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் தரையில்தான் உட்கார வேண்டும். அவளால் முடியவில்லை, படிப்பு நின்றது.

ஒரு ஞாயிறு, என் அப்பா அட்டன் நகரத்தில் ஒரு முஸ்லிம் நானா வைத்திருந்த பழைய சாமான் கடையிலிருந்து, உட்காரும் பலகையே இல்லாத நாற்காலியைத் தலையில் சுமந்து வந்தார்.

"என்னா மாமா, தொரை ஆயிட்டீங்களா?" என்று பக்கத்துக் காம்பரா அறையில் இருந்த ராமையா சிரித்தார்.

"நான் இல்லப்பா, எம் மக!"

தொழிற்சாலையில் கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டியைப் பிரித்து, வளைந்த ஆணிகளை அம்மியில் வைத்துத் தட்டி நிமிர்த்தினார்.

"நாளைக்கி தேங்காச் சம்பல்ல இரும்புதான் இருக்கும்!" என்று அம்மா கத்தினார்.

பலகையை அடித்து முடித்து, அப்பா உட்கார்ந்து பார்த்தார். பலகை படாரென்று உடைய, உள்ளே விழுந்தார். அந்த மெல்லிய பலகை தேயிலையைத் தாங்கும், ஆளைத் தாங்காது. அத்தை அழுதுவிட்டாள். அப்பா எழுந்து, பெட்டி விளிம்பின் தகரப் பட்டைகளைக் கயிற்றுக் கட்டில் போலக் குறுக்கும் நெடுக்கும் பின்னி, மேலே வேறு பலகை அடித்தார்.

"இப்ப ஒக்காரு தாயி."

தாங்கியது. திங்கட்கிழமை காலை நாற்காலியோடு அப்பா முன்னே நடக்க, அத்தை பின்னாலேயே பள்ளிக்கூடம் போனாள்.

இன்று நீங்கள் பள்ளிக்குப் போனதும் அந்த நாற்காலியை உள்ளே எடுத்துவந்தேன். ஆடும் காலின் ஆணிகளைப் பிடுங்கி, நம் அம்மியில் வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். உங்கள் அம்மா வருவதற்குள் அம்மியைக் கழுவியும் வைத்துவிட்டேன்.