கருப்பம்மா தேய்த்தெடுத்த வெள்ளி

கருப்பம்மா வேலையில் இருந்த காலத்தில் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஆண்டவனே வந்தாலும் கையைக் கழுவிவிட்டுத்தான் கட்டிலை நெருங்க முடியும். நான் வெறும் டொக்டர். பதுளைப் பக்கத்து ஆஸ்பத்திரி அது. பெயரைச் சொன்னால் எனக்குத்தான் வம்பு, விட்டுவிடுவோம். 1997இல் நான் யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போய் இறங்கியபோது, முதல் நாளே என்னை வாசலில் மறித்துத் திருப்பி அனுப்பினார். அவருடைய பதவியின் பெயர் சிற்றூழியர். அந்தப் பெயரை வைத்தவர் கருப்பம்மாவைப் பார்த்திருக்க மாட்டார்.

ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். கல்யாணமான புதிதில் எட்டு வருஷம் தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலர் கழுவியிருக்கிறார். எங்களிடம் வந்து கழுவியது நோயாளிகளின் மூச்சுக் குழாய்களை. தொண்டைக்குள் இறக்கி, மறுமுனையைச் சுவாச இயந்திரத்தில் மாட்டும் பிளாஸ்டிக் குழாய்கள். ஒரு தடவை பாவித்ததும் எறிய வேண்டும் என்று உறையில் எழுதியிருக்கும். எறிந்துவிட்டு அடுத்த நோயாளிக்கு என்ன, பப்பாசித் தண்டையா போடுவது? கழுவி, மருந்தில் ஊறப்போட்டு, மறுபடி பாவித்தோம்.

அந்தக் குழாயின் உட்புறத்தில் வழுவழுவென்று ஒரு படலம் பிடிக்கும். கிருமிகள் குடும்பம் குட்டியோடு குடியிருக்கும் இடம் அது. அங்கிருந்து நெஞ்சுக்குள் இறங்கினால் நியூமோனியா. வந்த வியாதி குணமாகி, ஆஸ்பத்திரி கொடுத்த வியாதியில் செத்தவர்கள் உண்டு. இதைத் தெரிந்துகொள்ள நான் தடித்தடிப் புத்தகங்களோடு மல்லுக்கட்டினேன். கருப்பம்மாவுக்கு ரோலரே போதுமாக இருந்தது.

"கொழுந்துச் சாறு ரோலர்ல காஞ்சு ஒட்டிக்கிட்டா அடுத்து போடுற கொழுந்தும் புளிச்சிரும் டொக்டரய்யா. இதுவும் அதேதாங்க," என்பார்.

2008 அளவில் புதுக் குழாய்கள் தாராளமாக வரத் தொடங்கிவிட்டன. கழுவும் வேலை போய்விட்டது. பழக்கம் மட்டும் அவர் கையை விட்டுப் போகவில்லை. அந்த வருஷம் லண்டனிலிருந்த என் நண்பன் ஒருவன் ஆறு குழாய்கள் அனுப்பினான். உள்ளும் புறமும் வெள்ளி பூசியவை. வெள்ளி கிருமியை ஒட்ட விடாதாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய டொக்டருக்குக் காட்டுவதற்காக ஐந்தின் உறைகளைப் பிரித்துத் தட்டில் அடுக்கிவிட்டு அவரைக் கூட்டிவரப் போனேன். ஒரு மணித்தியாலம் கழித்து வந்து பார்த்தால் ஐந்தும் ஈரமாக, வெறும் பிளாஸ்டிக்காகக் கிடந்தன.

"புதுசுன்னு சொன்னீங்க, உள்ளார பூரா சாம்பக் கறை. சோடாத் தண்ணியில ஊற வச்சு பிரஷ் போட்டு எடுத்துட்டேங்க," என்றார் கருப்பம்மா பெருமையாக.

"ஐயோ, அது கறையில்லை, வெள்ளி! எல்லாத்தையும் தேய்ச்சுப் போட்டியளே!"

"வெள்ளின்னா பளபளன்னு இருக்கணுமில்லீங்களா?"

பெரிய டொக்டர் சிரித்த சிரிப்பில் என் மானம் கப்பலேறியது. மிஞ்சிய ஒன்றை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மூன்று மாதம் கழித்து அவருடைய புருஷன் அழகரைத் தோட்டத்து லொறியில் கொண்டுவந்தார்கள். தேயிலைச் செடிகளின் கிளையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டும்போது குளவி கொட்டியிருந்தது. முகமெல்லாம் வீங்கி, தொண்டை அடைத்துக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தேன்.

"அது வேணாங்க, சாதாரணத்தையே போடுங்க," என்றார் கருப்பம்மா. "அதப் போட்டா வெள்ளி பாத்துக்கும்னு எல்லாரும் கைய வீசிக்கிட்டு வருவீங்க. நா பாத்துக்கிறேன் எங்க வீட்டுக்காரர."

வாதாட நேரமில்லை. சாதாரணக் குழாயையே இறக்கினேன்.

நாலு நாள் அவர் வீட்டுக்குப் போகவில்லை. அழகரின் தலைமாட்டை உயர்த்தியே வைத்திருந்தார். மணிக்கணக்குப் பார்த்து அவர் வாயைத் துடைத்தார். மாரியம்மன் கோயில் தீர்த்தத்தை வாயில் விட வந்த நாத்தனாரை வாசலோடு நிறுத்தினார். "நெத்தியில தடவு, வாயில ஊத்தாத. ஆத்தாளுக்குக் கோவம் வந்தா என்கிட்ட வரட்டும்."

ஐந்தாம் நாள் அழகருக்குக் காய்ச்சல் கொதித்தது. கருப்பம்மா என்னிடம் வந்து நின்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

"அந்த வெள்ளியப் போட்டிருந்தா வந்திருக்காதோ அய்யா? நாந்தான் கெடுத்துட்டேனா?"

"பாப்பம்," என்றேன். சொன்னேனே கேட்டீர்களா என்று எனக்குள் ஒரு அற்பன் சந்தோஷப்பட்டான். அவனை இன்றுவரை எனக்குப் பிடிக்காது.

எக்ஸ்ரே எடுத்தோம். நெஞ்சு சுத்தமாக இருந்தது. குழாயிலும் பிழையில்லை. பிறகுதான் வலது கையைப் பார்த்தேன். சேலைன் ஏற்றும் ஊசி குத்திய இடம் சிவந்து சீழ் வைத்திருந்தது. முதல் நாள் அவசரத்தில் அலுமாரிப் பூட்டைக் குடைந்த கையைக் கழுவாமலே அந்த ஊசியைக் குத்தியவன் நான். ஊசியைப் பிடுங்கி, மருந்தை மாற்றினேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. கருப்பம்மாவிடம், "காய்ச்சல் இறங்கும்," என்று மட்டும் சொன்னேன்.

அவர் சாப்பிடவில்லை. யாரையும் அதட்டவில்லை. பயிற்சி டொக்டர் ஒருவர் கை கழுவாமல் அவரைத் தாண்டிப் போனார். கருப்பம்மா நிமிரவே இல்லை. அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் காலையில் அது விட்டது. அழகர் பிழைத்துவிட்டார் என்பது உறுதியானது. நான் கருப்பம்மாவைத் தனியே கூப்பிட்டேன்.

"குழாயால வந்ததில்லை. ஊசியால வந்தது. ஊசி போட்டது நான். கை கழுவேல்லை."

"அப்ப என்னால இல்லீங்களா?"

"இல்லை."

சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒங்களுக்கு எப்பங்க தெரிஞ்சிச்சு?"

"முந்தநாள் காலமை."

அவர் எழுந்து அழகரின் கட்டிலுக்குப் போய்விட்டார். ஓய்வு பெறும்வரை மூன்று வருஷம் மற்ற எல்லாரையும் பழையபடி விரட்டினார். என்னை மட்டும் ஒரு சொல் சொன்னதில்லை. நான் வந்தால் கை கழுவும் பேசினை விட்டு ஒதுங்கி நின்று, கழுவி முடிக்கும்வரை என் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்.