கேரியர் இல்லாத சைக்கிள்

ஏற்காட்டுக்கு ஏறி வர இரண்டு மலைச்சாலைகள் இருக்கின்றன. சேலத்திலிருந்து நேராக வரும் சாலை சுற்றுலா வண்டிகளுக்கு. குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக வரும் சாலையில் ஞாயிறு காலையில் ஒரு பஸ், பால்காரரின் வண்டி, எப்போதாவது ஒரு எஸ்டேட் ஜீப், அவ்வளவுதான் எதிரே வரும். நானும் என் மனைவியும் சைக்கிளுக்கு இந்தச் சாலையை வைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீடு ஏற்காட்டில். ஊரைத் தாண்டியதும் இரு பக்கமும் காப்பித் தோட்டம். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். கொட்டச்சேடு வரை சாலை கொஞ்சம் ஏறி நிறைய இறங்கும். அந்த ஊர் தாண்டிச் சரிவின் அடியில், தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை. அங்கே குடித்துவிட்டுத் திரும்புவோம். திரும்புவது பெரும்பாலும் ஏற்றம்.

அவள் முன்னால் போவாள். நான் பின்னால் வருவேன். பஞ்சர் சாமான்கள் என் பையில்தான் இருக்கும். இறங்கும்போது வளைவுகளில் தடுப்புக்கல் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்பாள். நான் வந்து சேர்வதற்குள் மறுபடி கிளம்பிவிடுவாள். அதனால் அந்தச் சாலையில் அவளுடைய முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக இருவரும் சேர்ந்து போனது புரட்டாசியில். டீக்கடை நடத்தும் பெண்ணுக்கு எங்கள் வயதுதான் இருக்கும். யார் வந்தாலும் ஏதாவது சொல்லிச் சீண்டாமல் விடமாட்டாள். அன்று நாங்கள் கிளம்பும்போது அடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்கம்மா, இத்தன வெலைக்கு சைக்கிள் வாங்கியிருக்கீங்க, ஒரு கேரியர் இல்லீங்களே?”

“கேரியர் எதுக்குங்க?” என்றாள் மனைவி.

“பேரப்புள்ள வந்தா எங்க உக்கார வெப்பீங்க? ஹேண்டில்பார்லயா?”

மனைவி மிதித்துக் கிளம்பிவிட்டாள். நான் பின்னால் போனேன். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை.

ஐப்பசி மழையில் ஒரு காலை அவள் சமையலறையில் விழுந்தாள். தலைக்குள் ரத்தம் கசிந்திருப்பதாகச் சேலத்தில் சொன்னார்கள். அங்கேயே இறந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்தேன். மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்றெல்லாம் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் எடுத்தேன். செயினுக்கு எண்ணெய் விட்டேன், டயரில் காற்று பார்த்தேன். வழக்கமாக அவளுடைய சைக்கிளுக்கும் பார்ப்பேன் என்பதால் அதற்கும் பார்த்தேன்.

சாலை சாலையாகவே இருந்தது. காப்பிப் பழம் சிவந்திருந்தது. குளிரில் விரல்கள் மரத்துப்போனதால் பிரேக் பிடிப்பது கைக்குத் தெரியவில்லை. வண்டி வேகம் குறைவதைப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன். மற்ற எல்லாவற்றையும் அந்த நாட்களில் அப்படித்தான் தெரிந்துகொண்டிருந்தேன். தட்டு காலியானால் சாப்பிட்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

“அம்மா வரலீங்களா?” என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

“வரலைங்க” என்றேன்.

அது உண்மை. அடுத்த ஞாயிறும் கேட்டாள், அடுத்ததிலும். ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அது உண்மையாகவே இருந்தது. மனைவி இறந்தது ஏற்காட்டில் எல்லோருக்கும் தெரியும். என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்துவார்கள், கையைப் பிடித்துக்கொள்வார்கள். பதிலுக்கு நானும் ஏதாவது செய்தாக வேண்டும். இந்தக் கடையில் அந்த வேலை இல்லை. டீ குடித்தால் போதும்.

மார்கழியில் கடைக்காரப் பெண் ஒரு பையில் ஆரஞ்சு கொடுத்தாள். “நம்ம தோட்டத்துதுங்க. அம்மாகிட்ட குடுங்க. நான் குடுத்தேன்னு சொல்லுங்க.” வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் வரிசையாக வைத்தேன். தோல் சுருங்கும்வரை அங்கேயே இருந்தன.

தை கழிந்து, காயவைத்த மிளகு ஒரு பொட்டலம் வந்தது. “அம்மா என்ன சொன்னாங்க, ஆரஞ்சுக்கு?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் சொல்லலைங்க.”

அதுவும் உண்மைதான். ஆனால் அதைக் கேட்டதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. அன்று என்னைச் சீண்டவில்லை. டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாசிக் கடைசியில் ஒரு மழை பெய்து, காப்பி பூத்துவிட்டது. தோட்டமெல்லாம் வெள்ளையாக இருந்த அந்த ஞாயிறு, நான் சைக்கிளில் ஏறும்போது அவள் கடையை விட்டு வெளியே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், ஒண்ணு கேக்கோணும். மனசுல வெச்சுக்காதீங்க.”

“கேளுங்க.”

“அம்மாவுக்கு எம்மேல கோவமுங்களா?”

“எதுக்குங்க கோவம்?”

“அந்த கேரியர் பேச்சுங்க. வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். மறுநாளே எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டர் டீ குடிக்க வந்தாரு. அவங்களுக்குப் புள்ளகுட்டி இல்லீம்மா, தெரியாதான்னு கேட்டாரு. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம்போல ஆயிப்போச்சு. அம்மா அன்னிக்குப் போனவங்கதான், இந்தப் பக்கமே வரல. ஆரஞ்சு குடுத்தேன், மொளகு குடுத்தேன். ஒரு வார்த்த சொல்லி அனுப்பல. நேரா ஊட்டுக்கே வந்து கால்ல உழுந்தர்லாமான்னு இருக்குதுங்க.”

என்னுடைய ‘வரலைங்க’ அவளிடம் போய் என்னவாக ஆகியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. குளிர்காலம் முழுக்க அதை அவள் தன் பேச்சுக்குக் கிடைத்த தண்டனையாக எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

“கோவிக்கலைங்க” என்றேன். “சிரிச்சா.”

“எனக்காகச் சொல்றீங்க.”

“இல்லைங்க. இங்கிருந்து போய் ரெண்டாவது வளைவுல நின்னுட்டா. ஏத்தத்துல அவ நின்னு நான் பார்த்ததே இல்ல. மூச்சு முட்டுதோன்னு பயந்துக்கிட்டு வேகமா மிதிச்சுப் போனேன். பார்த்தா, சிரிச்சு சிரிச்சு மிதிக்க முடியாம நின்னுட்டு இருக்கா. ‘அந்தம்மா சொல்றது சரிதான், ஒரு கேரியர் வாங்கிப் போடலாம். பேரன் இல்லாட்டி என்ன, பின்னாடி நீங்க உக்காருங்க. இப்பவும் அப்படித்தானே வர்றீங்க’ன்னா.”

கடைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் தளர்ந்தது. பிறகு, நான் எதிர்பார்த்ததைக் கேட்டாள்.

“அப்பறம் ஏனுங்க வரல?”

இங்கே நிறுத்திக்கொள்ள வழி இல்லை. உடம்பு சரியில்லை என்றால் பார்க்க வருவாள். வெளியூர் என்றால் எப்போது வருவார் என்பாள். எதைச் சொன்னாலும், கோபம்தான் காரணம் என்ற எண்ணம் மீண்டும் அவளிடம் திரும்பிவிடும். சிரித்தாள் என்று சொன்னதை அவள் நம்ப வேண்டுமென்றால் மற்றதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

“இறந்துட்டாங்க” என்றேன். “ஐப்பசியில.”

அவள் ஹேண்டில்பாரை விடவில்லை. சாலையைப் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டது, அதற்கும் திரும்பவில்லை.

“நான் ஆரஞ்சு குடுத்தது மார்கழியிலீங்க” என்றாள்.

“ஆமாங்க.”

“வாங்கிக்கிட்டீங்களே சாமி.”

“வாங்கிக்கிட்டேன்.”

எங்கள் பக்கம் குழந்தைகளைக் கூப்பிடும் ‘சாமி’ என்ற சொல்லால் அவள் என்னைக் கூப்பிட்டதைக் கவனித்தேன். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவளால் அழ முடிந்தது. எதிரில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை நின்றேன். காப்பிப்பூ வாசம் அடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எனக்கு, தீய்ந்த பாலின் வாசம் மட்டும் தெரிந்தது.

“நெசமாவே சிரிச்சாங்களா?” என்று திரும்பவும் கேட்டாள்.

“ரெண்டாவது வளைவுலங்க. வேணும்னா வந்து பாருங்க, இடத்தக் காட்டறேன்.”

“எடத்தப் பாத்து என்ன பண்ண” என்றாள். பிறகு, “மொளகு என்ன பண்ணுனீங்க?”

“அப்படியே இருக்குது.”

“மழ வந்தா பூஞ்சை புடிச்சுப் போகும். நொம்ப நல்ல மொளகு. இடிச்சு ரசம் வெச்சுக் குடிங்க. வெக்கத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரியாதுன்னு மொகத்துலயே எழுதியிருக்குது” என்றாள். அடுப்பைப் பார்க்கப் போனாள். உள்ளே இருந்துகொண்டே முறை சொன்னாள்: மிளகு, சீரகம், பூண்டு, புளியைக் கெட்டியாகக் கரைக்கக் கூடாது, கொதிக்க விடக் கூடாது.

ஏறி வரும்போது இரண்டாவது வளைவில் நிற்கவில்லை. நிற்க நினைத்தேன், ஏற்றத்தில் நின்றால் மறுபடி கிளம்புவது எனக்குக் கஷ்டம். அடுத்த வாரத்திற்குள் இந்தச் சாலையிலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும், பஸ் டிரைவர்கூட ஹாரனை மெதுவாக அடிப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே மிதித்தேன்.

மத்தியானம் பொட்டலத்தைப் பிரித்தேன். மிளகை இடித்து அவள் சொன்ன முறையில் ரசம் வைத்தேன். முதல் வாயிலேயே காது வரை காரம் ஏறியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மீதியையும் குடித்தேன். இரவு நாட்குறிப்பில் அன்றைய சாலை, வானிலைக்குக் கீழே, மிளகு அதிகம், அடுத்த முறை பாதி போதும் என்று எழுதினேன்.