கார் ஷெட்டுக்கு வெளிச்சம்

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கார் இல்லை. கட்டிய நாளிலிருந்தே இல்லை. என் வீட்டுக்காரர் குவைத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார். பழைய ஓட்டு வீட்டை இடித்து இந்த வீட்டைக் கட்டியபோது, அங்கிருந்தபடியே வீடியோ காலில் ஒவ்வொரு செங்கல்லையும் பார்த்தவர் அவர். ஷட்டர் வைத்த ஷெட் கண்டிப்பாக வேண்டும், ஏழு பேர் உட்காரும் கார் உள்ளே போகிற அளவுக்கு இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். மகளைத் திருச்சியில் கட்டிக்கொடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது நானும் அவரும்தான். ஏழு பேருக்கு எங்கே போவது என்று கேட்டேன். இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வைத்திருந்தார் மனுஷன்.

எங்கள் ஊர் லப்பைக்குடிகாட்டில் லீவில் வருவது வேறு, கேன்சலில் வருவது வேறு. லீவில் வந்தவர் பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் திரும்பிப் போகிற டிக்கெட் பேச்சு வந்துவிடும். கேன்சலில் வருகிறவர் விசாவை ரத்து செய்துவிட்டு ஒரேயடியாக வந்துவிடுவார். கேன்சலில் வந்ததும் கார் வாங்குவது என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. எனக்குக் காரில் ஏறி ஊர்கோலம் போகிற ஆசையெல்லாம் கிடையாது. ஆனாலும் அந்தக் காலி ஷெட்டைக் கூட்டிப் பெருக்கும்போது, இங்கே வந்து நிற்கப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். நான் நினைத்தது காரை இல்லை, அவரை.

நான் ஜாக்கெட் தைப்பேன். ஆரி வேலையும் செய்வேன். மணப்பெண்ணின் ஜாக்கெட் கையிலும் முதுகிலும் பட்டு நூல், மணி, சமிக்கி வைத்துப் பூப்போடுவது. முதலில் மெஷினை ஹாலில்தான் போட்டிருந்தேன். பெரிய ஹால். மெஷினை நிறுத்தினால் வீட்டின் அமைதி காதை அடைக்கும். மாடி அறைகளை வாரம் ஒருமுறை திறந்து காற்றுக் காட்டிவிட்டு மூடுவேன். பேசாமல் இருந்து இருந்து, வாசலில் யாராவது கூப்பிட்டால் என் குரலே கரகரவென்று வரும். பொறுத்துப் பார்த்துவிட்டு, தையலை ஷெட்டுக்கு மாற்றினேன். ஷட்டரைப் பாதி ஏற்றி வைத்தால் தெருவில் போகிறவர்கள் முழங்கால் வரை தெரிவார்கள். செருப்பைப் பார்த்தே ஆள் யாரென்று சொல்லிவிடுவேன். தெரிந்தவர்கள் குனிந்து ஒரு சலாம் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தச் சலாமுக்காகத்தான் மாற்றினேன், வேறு காரணம் இல்லை.

கார் வருகிற வரைக்கும்தான் என்று அவரிடம் சொல்லி வைத்தேன். அதனால் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, நடுவில் காருக்கு உரிய இடத்தை விட்டுவைத்தேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஷெட்டில் இருந்தது நட்டநடுவில் ஒரே ஒரு எல்இடி பல்பு. சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் பல்பு முதுகுக்குப் பின்னால் இருக்கும். என் தலை நிழல் அப்படியே துணிமேல் விழும். வெளிச்சம் போதவில்லை என்று இன்னும் பெரிய வாட்ஸ் பல்பு வாங்கி மாட்டினேன். நிழல் இன்னும் கறுப்பானதுதான் மிச்சம். பிறகு கழுத்தை வளைக்கிற மேசை விளக்கு ஒன்று வாங்கினேன். அதைப் போட்டால் சமிக்கி ஒவ்வொன்றும் கண்ணில் குத்தியது, ஊசி போட்ட ஓட்டை தெரியவில்லை. அதை மகள் வந்தபோது எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நிழலையாவது தலையை இப்படி அப்படி நகர்த்திச் சமாளித்துவிடலாம். நிறம்தான் என்னைக் கவிழ்த்தது. ஆலத்தியூரிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் வந்திருந்தது. மாம்பழ மஞ்சள் பட்டு, அரக்குக் கரை. கை முழுவதும் அரக்கு நூலில் கொடி ஓட்டச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பல்பின் நீலம் பாய்ந்த வெள்ளையில் அரக்கு நூலும் காப்பிக்கொட்டை நிற நூலும் அக்கா தங்கை மாதிரி இருந்தன. ஒரு கை முழுவதையும் போட்டு முடித்து, மறுநாள் காலையில் வாசல் கேட்டருகே கொண்டுபோய் வெயிலில் பிடித்தேன். கொடி முழுவதும் காப்பிக்கொட்டை. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்தேன். பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருந்தால், இது அரக்கா காப்பியா என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்க ஆளில்லாதவளுக்கு விளக்காவது ஒழுங்காக இருக்க வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு அவர் சாப்பிட உட்காரும் நேரம்தான் எங்கள் இருவருக்குமான நேரம். தட்டு ஒரு பக்கம், போன் ஒரு பக்கம் வைத்துக்கொள்வார். அந்தப் பல்புக்குக் கீழே நான் நின்றால் போனில் என்மேல் கறுப்புக் கோடுகள் ஓடுமாம். வரிக்குதிரை வந்துவிட்டதா என்று சிரிப்பார். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கோடுகளையே சாக்காக வைத்துப் பேச்சை எடுத்தேன். மேசையை நடுவுக்குக் கொண்டுவரப் போகிறேன், அதற்கு மேலே இடமும் வலமுமாக இரண்டு எல்இடி டியூப் போட்டால் ஒன்றின் நிழலை இன்னொன்று அழித்துவிடும், துணியை இழுத்துக் கட்டுகிற ஆரிச் சட்டத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தும் பூப்போடலாம் என்று சொன்னேன். அவர் சோற்றில் கை வைத்தபடி நிறுத்தினார்.

"மேசைய நடுவுல போட்டா காரு எங்கம்மா நிக்கும்?"

கார் வரட்டும், அப்போது மேசையை ஓரமாகத் தள்ளிக்கொள்ளலாம் என்றேன். மேசையைத் தள்ளலாம், கூரையில் அடித்த லைட்டைத் தள்ள முடியுமா என்று கேட்டார். அடுத்த வாரம் எந்தெந்த நாட்டுக் கார் ஷெட்டுகளின் படத்தையோ தேடி அனுப்பினார். எல்லாவற்றிலும் வண்டி பளபளவென்று நிற்கிறது, விளக்கு அதன் நெற்றிக்கு நேராக இருக்கிறது. மனுஷி ஒருத்தியைக்கூடக் காணோம். அதற்கடுத்த வாரம் காரின் கதவைத் திறந்தால் எவ்வளவு இடம் வேண்டும் என்று அளவு சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இல்லாத காருக்காக இருக்கிற நான் இருட்டில் உட்கார வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

ஆனால் கோபப்பட்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு ஒரு தெம்பு இருந்தது. காருக்கு இடம் வேண்டும் என்று ஒரு மனுஷன் இவ்வளவு மல்லுக்கட்டினால் அவர் வரப்போகிறார் என்றுதானே அர்த்தம்? வெள்ளிக்கிழமை காலையிலேயே அன்றைய சண்டைக்கு என்னென்ன சொல்வது என்று யோசித்து வைப்பேன். புருஷன் பெண்டாட்டி சண்டை போடுகிற வீடு காலி வீடு இல்லை. அந்த வாரங்களில் எனக்குப் பசியெடுத்துச் சாப்பிட முடிந்தது.

அவர் சம்மதிப்பதற்குள் விளக்கையாவது பார்த்து வைக்கலாம் என்று பஸ் ஏறிப் பெரம்பலூருக்குப் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு எலக்ட்ரிக்கல் கடை. கைப்பையில் அரக்கு, காப்பிக்கொட்டை, கத்தரிப்பூ, மயில்கழுத்து என்று நூல்கண்டுகளைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். கடைக்காரர் வரிசையாக ஒவ்வொரு டியூப்பாகப் போட்டுக் காட்ட, நான் அதற்குக் கீழே நூலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அதே நூலோடு கடை வாசலுக்கு ஓடி வெயிலில் பார்த்துவிட்டு வருவேன். சேலை எடுக்கப் போனால் நாம் எல்லோரும் செய்வதுதான். விளக்குக் கடையில் அதைச் செய்ததும் அவருக்குச் சிரிப்பு. லைட் வாங்க வந்தீர்களா, நூல் விற்க வந்தீர்களா என்று கேட்டார்.

கூல் ஒயிட்டில் சிவப்பெல்லாம் செத்துப்போயிற்று. வார்ம் ஒயிட்டில் மஞ்சளும் சந்தனமும் ஒன்றாகிவிட்டன. இரண்டுக்கும் நடுவில் நேச்சுரல் ஒயிட் என்று ஒன்று இருந்தது. அதிலும் முதலில் காட்டியது சரியில்லை. நான் நகர்வதாக இல்லை என்று தெரிந்ததும், ஜவுளிக்கடைகளுக்கு என்று வாங்கி வைத்திருந்ததை உள்ளேயிருந்து எடுத்து வந்தார். பெட்டியில் சி.ஆர்.ஐ. தொண்ணூறு என்று போட்டிருந்தது. நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான எண்ணாம் அது, நூறு என்றால் வெயிலில் பார்ப்பது போலவாம். அதன் கீழே அரக்கு அரக்காக இருந்தது. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன், அங்கேயும் அதே அரக்கு. சமிக்கி கண்ணில் அடிக்காதபடி பால் நிற மூடி போட்டதாக இரண்டு வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த நீளப் பெட்டிகளைக் கைப்பிள்ளை மாதிரி மடியில் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பெட்டியைப் பிரிக்கவில்லை. அவரை மீறிப் போட மனசு வரவில்லை. அவர் சொல்லாமல் மேசைக்கு மேலே அடித்துவிட்டால், கார் வராது என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆலத்தியூர் ஜாக்கெட்டைப் பகல் வெளிச்சத்தில் வாசலோரம் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன். கல்யாணமும் நடந்து முடிந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எலக்ட்ரீஷியனை வரச் சொன்னேன். வீடு கட்டும்போது வயரிங் செய்த அதே ஆள். ஷெட் என்றால் லைட் காருக்குத்தான் என்பது அவருடைய கட்சியும். ஏணியைச் சாத்திவிட்டு, வயர் போகிற பைப்பை அறுக்காமல் நின்றார்.

"அண்ணன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாங்கக்கா."

எங்கள் ஊரில் பாதி வீடுகளில் இப்படித்தான். ஆணி அடிப்பதற்கும் வெளிநாட்டிலிருந்து போன் வர வேண்டும். நானும் தயாராகத்தான் இருந்தேன். மேசைக்குச் சக்கரம் வைத்துக்கொள்ளலாம், டியூப்பைச் சங்கிலியில் தொங்கவிட்டால் கார் வரும்போது மேலே ஏற்றிவிடலாம் என்று பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். வீட்டுக்காரர் வீடியோ காலில் வந்தார். எதிரில் சாப்பாட்டுத் தட்டு இல்லை, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எலக்ட்ரீஷியன் வந்திருக்கிறார், எங்கே போடச் சொல்லட்டும் என்று கேட்டேன்.

"மேசைக்கு மேலயே போட்டுடச் சொல்லும்மா" என்றார்.

காருக்கு என்று கேட்டேன். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். எலக்ட்ரீஷியன் காதில் அதுவும் விழுந்துவிட்டது. உடனே ஏணியில் ஏறி டிரில்லைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று நான் போனை எடுத்துக்கொண்டு வாசல் கேட்டருகே வந்தேன். என்ன விஷயம் என்று கேட்டேன். போன மாதமே அக்காமா அடித்தாகிவிட்டது என்றார். அங்கே தங்குவதற்கான அனுமதி அது. கேன்சலில் வருகிறவர் அதைப் புதுப்பிக்க மாட்டார். முதலாளி புதுக் கடை திறக்கிறார், விட மாட்டேன் என்கிறார் என்று ஏதேதோ சொன்னார். பிறகு சொன்னார்:

"அங்க வந்து நான் என்னம்மா செய்யப்போறேன்? உனக்காச்சும் ஒரு தொழில் இருக்கு. நாலு பேரு வர்றாங்க போறாங்க."

வாராவாரம் அவர் கவலைப்படக் கூடாது என்று நான் சொல்லி வந்தது அது. இன்றைக்கு அவர் வந்தார், இவர் வந்தார், உட்கார நேரமில்லை என்று. எல்லாவற்றையும் நம்பியிருக்கிறார். தன் இடத்தைத் தையல் மெஷினுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது அவர் பேசியது. வாங்க, நீங்க வந்து சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொல்லியிருக்கலாம்.

டிரில் சத்தம் நின்று, உள்ளேயிருந்து எலக்ட்ரீஷியன் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். மேசையை நடுவில் இழுத்துப் போட்டு இரண்டு டியூப்பையும் எரியவிட்டிருந்தார். நன்றாகத்தான் இருந்தது. மேசைமேல் கையை நீட்டினேன், நிழலே விழவில்லை. நூல் டப்பாவில் ஒவ்வொரு நிறமும் தன் நிறத்தில் இருந்தது. வீட்டுக்காரர் காட்டச் சொன்னதால் போனைத் திருப்பிக் கூரையைக் காட்டினேன், மேசையைக் காட்டினேன், மெஷினைக் காட்டினேன். கோடு எதுவும் ஓடவில்லை, பளிச்சென்று இருக்கிறது என்றார். இப்போது சந்தோஷமா என்று கேட்டார்.

"எங்க, உன்னக் காட்டு" என்றார்.

காட்டவில்லை. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, பிறகு பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்றைக்கு எனக்குத் தைக்க ஒரு துணிகூட இல்லை.