கல்லில் ஏறிய கொள்ளுத்தாத்தா

வீரபாண்டியில் பனியன் கம்பெனி நடத்தும் கன்னையனுக்கு, மகள் கல்யாணம் முடிவானதிலிருந்து ஒரே குடைச்சல். சம்பந்தி மகுடேஸ்வரன் உட்கார்ந்த இடத்தில் தன் முன்னோர் ஏழு தலைமுறைப் பெயரையும் கடகடவென்று ஒப்பிப்பார். கன்னையனோ தாத்தா நாச்சிமுத்துவோடு நின்றுவிடுவார். நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி "அதுக்கு மேலைங்க?" என்று கேட்டபோது, தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனவர் பந்தி முடியும் வரை திரும்பவில்லை.

மறுவாரமே தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். மனுப் போட்டு, தூசியில் தும்மித் தீர்த்து, ஒருவழியாகப் பழைய நிலப் பதிவேட்டில் தாத்தாவைப் பிடித்துவிட்டார். 'நாச்சிமுத்து, மைனர். த/பெ இல்லிங்கன்.'

இல்லிங்கன்! எப்பேர்ப்பட்ட பெயர்! இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தனுக்கு உண்டா? கன்னையனுக்குக் கண் கலங்கிவிட்டது. கையோடு திருமுருகன்பூண்டிக்குப் போய், அங்கே ஒரு சிற்பியிடம் சிலைக்கு அட்வான்ஸ் கொடுத்தார். கொள்ளுத்தாத்தாவின் போட்டோவுக்கு எங்கே போவது? தன் முகத்தையே காட்டி, மீசையை மட்டும் பெரிதாக்கச் சொன்னார்.

"ஏனுங்க, உங்களுக்கு நீங்களே சிலை வெச்சுக்கிட்ட மாதிரி இருக்குதுங்க," என்றாள் மனைவி ஜெயபாரதி. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புது யூனிட் திறப்பு விழா. வாசலில் துணி போர்த்திய சிலை, பீடத்தில் பொன்னெழுத்தில் பெயர்.

"சம்பந்தி வந்தாச்சா?" என்றார் பூஜைக்கு வந்த ஐயர்.

ரோட்டை எட்டிப் பார்த்த கன்னையன், "இன்னும் இல்லீங்க," என்றார்.

சொன்ன வாய் மூடவில்லை. இல்லீங்க. இல்லிங்கன். எந்த ஊர் கிளார்க்கோ வந்து "தகப்பன்?" என்று கேட்டிருக்கிறான். அப்பனைப் பறிகொடுத்த பையன் "இல்லீங்க" என்றிருக்கிறான். அந்த மகராசன் கடைசியில் ஒரு 'ன்' சேர்த்து எழுதிக்கொண்டு போய்விட்டான்.

அதற்குள் மகுடேஸ்வரன் காரிலிருந்து இறங்கிவிட்டார். யாரோ ஆர்வக்கோளாறில் துணியையும் இழுத்துவிட்டார்கள்.

"இல்லிங்கனுங்களா? யாருங்க சம்பந்தி அது?"

ஏதாவது கதை விடலாம்தான். ஆனால் கிளார்க் முன்னால் கைகட்டி நின்ற அந்தப் பையன் கண்ணுக்குள்ளேயே நின்றான். கன்னையன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அப்பன் இல்லைங்கறதச் சொல்றப்பக்கூட, 'ங்க' போட்டுத்தான் சொல்லியிருக்காருங்க எங்க தாத்தா."

மகுடேஸ்வரன் சிரிக்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கன்னையனின் காதருகே குனிந்தார்.

"வெளிய சொல்லிப்போடாதீங்க சம்பந்தி. மூணு தலைமுறைக்கு மேல எங்க ஊட்டுலயும் இல்லிங்கன்தானுங்க."