கண்ணுக்குத் தெரியும் மருந்து

இன்பநாதன் வீட்டை விட்டுப் போனது ஒரு சனிக்கிழமை, நல்ல பகல் வெளிச்சத்தில். சத்தம் இல்லை, சண்டை இல்லை. டென்மார்க்கின் நடுவிலுள்ள சில்க்போர்க்கிலிருந்து தலைநகருக்குப் பக்கத்து டோஸ்ட்ருப்புக்கு நீண்ட ஓட்டம், இருட்ட முன்னம் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிக்கொண்டு பெட்டிகளைக் காரில் ஏற்றினான். அங்கே இன்னொரு பெண் இருந்தாள். அதை அவன் முன்னமே சொல்லிவிட்டிருந்தான். அருள்மலர் அவனுக்குப் புட்டும் கோழிக்கறியும் கட்டிக் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று பிறகு யோசித்தபோது அவளுக்கே தெரியவில்லை. கை தன் பாட்டில் கட்டியது.

"மருந்து பின்னறை அலுமாரியிலை கிடக்கு. கொஞ்ச நாளைக்கு உமக்குக் காணும்," என்றான் கார்க் கதவடியில் நின்று.

அவன் சொன்னது துவக்கு மருந்தை. இரண்டு பேரும் ஊரின் துப்பாக்கி சுடும் கழகத்தில் உறுப்பினர்கள். தளபாடத் தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒரு டெனிஷ்காரன் முதலில் இன்பநாதனைக் கூட்டிக்கொண்டு போனான். பிள்ளை வளர்ந்த பிறகு, புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து செய்ய ஒரு காரியம் இருக்கட்டும் என்று அவன் அருள்மலரையும் சேர்த்துவிட்டான். போர் நடந்த சொந்த ஊரில், தெருவில் துப்பாக்கி ரவையின் வெறுங்கோது கிடந்தால் கிட்டப் போகக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். முதல் நாள் அவன் நீட்டிய ரிவோல்வரை எடுத்த கையோடு திரும்ப மேசையில் வைத்துவிட்டாள். பிறகு பழகிவிட்டது. கடதாசி இலக்கில் ஓட்டை போடுவது மட்டும்தான் அங்கே வேலை. தேவாலயச் சபையில் இதைப்பற்றி அவர்கள் கதைப்பதில்லை. "துவக்குச் சுடவோ போறியள்?" என்று கேட்டால் பதில் சொல்லி மாளாது.

கடையில் வாங்கும் ரவை அவளுக்கு ஒத்துவரவில்லை. முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கிப் புரட்டி அவளுடைய வலது மணிக்கட்டு பழுதாகியிருந்தது. கடை ரவையின் உதை நேரே அந்த இடத்தில்தான் விழும். அதனால் இன்பநாதன் வீட்டிலேயே அவளுக்காக மெதுவான ரவை செய்து கொடுத்தான். சுட்ட வெறுங்கோதுகளைப் பொறுக்கி வந்து துப்புரவாக்கி, அடியில் பொறி தரும் சின்ன மூடியைப் புதிதாகப் பதித்து, மருந்தை அளந்து விட்டு, மேலே ஈயக் குண்டை அமத்துவது. அதற்கான அனுமதி இருவரிடமும் இருந்தது. ஆனால் செய்தது எப்போதும் அவன்தான். அவள் கோதுகளை நிறுத்தி அடுக்கிக் கொடுப்பாள்.

அவன் போன பிறகு அவள் வேலைக்குப் போனாள், வந்தாள். சமைத்ததை அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டாள். சபையிலிருந்து சுஜீவா இடியப்பத்தோடு வந்து பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுங்கோ அக்கா. அழுதால்தான் கர்த்தர் ஆறுதல் தருவார்."

"ஓம்," என்றாள் அருள்மலர்.

கண்ணீர் வரவில்லை. கடைசியில் சுஜீவாதான் அழுதாள். அருள்மலர் துடைக்கத் தாள் எடுத்துக் கொடுத்தாள்.

கழகத்துக்கு அவள் போகவே இல்லை. ஒரு நாள் அங்கிருந்து போடில் அழைத்தாள். போடில் என்பவள் கழகத்தின் ரவைகளுக்கும் மருந்துக்கும் பொறுப்பானவள், முன்பு பேருந்து ஓட்டியவள், உரத்த குரல்காரி. வந்து சுடாமல் இருந்தால் ஆயுத அனுமதியைப் புதுப்பிக்கக் கையெழுத்து வைக்க முடியாது என்றாள். சரி என்று அருள்மலர் போனாள். மிச்சமிருந்த ரவைகளைச் சுட்டாள். நடுவில் பட்டதா வெளியே போனதா என்று பார்க்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. போடில்தான் இலக்கை இழுத்துப் பார்த்து, "மோசமில்லை," என்றாள்.

ரவை முடிந்துவிட்டது. அதனால்தான் அவள் பின்னறைக்குப் போனாள். மேசையில் கைப்பிடி வைத்த அழுத்தும் பொறி அப்படியே இருந்தது. பக்கத்தில் மருந்து அளந்து விழுத்தும் கருவி, சின்னத் தராசு. அலுமாரியில் ஒரு கோப்பிப் போத்தில். அதற்குள் பாதிக்கு மேல் சாம்பல் நிறத் துகள். வெளியே பெயர் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. மருந்து வந்த டின் ஒன்றையும் காணவில்லை. அவள் டோஸ்ட்ருப்புக்கு அழைத்தாள்.

"சொல்லும்," என்றான் இன்பநாதன்.

"கோப்பிப் போத்திலிலை இருக்கிறது எந்த மருந்து?"

"ஓ, அதுவோ. பழைய டின்னிலை மிஞ்சினது." கொஞ்சம் யோசித்தான். "இல்லை, புது டின்னோ தெரியேல்லை. ரண்டையும் ஒண்டாக் கொட்டினனோ எண்டும் நினைவில்லை. பரவாயில்லை, போடும். ஒண்டும் செய்யாது."

"எவ்வளவு போடுறது?"

"கருவியிலை அளவை மாத்தாமல்தான் விட்டிட்டு வந்தனான். இழுத்தால் விழும்."

பின்னால் ஒரு சிறுமியின் குரல், அந்த இன்னொரு பெண்ணின் பிள்ளையாக இருக்கும், அடுப்பை நிற்பாட்டவா என்று கேட்டது. "ஓம் அம்மாச்சி, நிப்பாட்டுங்கோ," என்றான் அவன். மகள் ஜெனனி சின்னவளாக இருந்தபோது அவளையும் அம்மாச்சி என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவான். அருள்மலர் அதைக் கேட்டாள். அடுத்த வீட்டு வானொலியைக் கேட்பதுபோல இருந்தது. "சரி, வைக்கிறன்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை போத்திலைக் கழகத்துக்குக் கொண்டுபோனாள். போடில் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூடியைத் திறக்கவே இல்லை.

"என்ன மருந்து இது?"

"அவருக்கும் தெரியாதாம்."

"அப்படியென்றால் எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. நிறத்தைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. எரிப்போம்."

சுடுதளத்தின் பின்பக்கம் சரளைக் கல் வெளியில் போடில் அதை மெல்லிய கோடாகத் தூவிப் பற்றவைத்தாள். அருள்மலர் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆனால் வெடிக்கவில்லை. சீறிக்கொண்டு மஞ்சளாய் ஒரு சுவாலை கோட்டில் ஓடி முடிந்தது. அடைத்து வைத்தால்தான் வெடிக்கும், திறந்த வெளியில் வெறுமனே எரியும் என்றாள் போடில். கருகிய கல்லை அருள்மலர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மனதில் ஒன்றும் வரவில்லை. குளிர்ந்தது. உள்ளே போனாள்.

அதற்கு அடுத்த வாரம் முதியோர் இல்லத்தில் ஒரு காரியம் நடந்தது. முன்பு தபால்காரராக இருந்த ஒரு கிழவருக்குக் காலை மாத்திரையைக் கொடுத்தாள். பிறகு மற்ற அறைகளுக்குப் போய்வந்து, மறுபடியும் அவர் முன்னால் மாத்திரைக் கிண்ணத்தை நீட்டினாள்.

"இதை எடுத்துவிட்டேனே," என்றார் அவர். "நீதானே தந்தாய்?"

அவளுக்கு அது நினைவில் இல்லை. முதல் தடவை கொடுத்ததைத் தேடிப் பார்த்தாள். மண்டைக்குள் அந்த இடம் வெறுமையாக இருந்தது. பொறுப்பாளரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். பொறுப்பாளர் திட்டவில்லை, களைப்பாக இருக்கிறாயா என்று கேட்டாள். இல்லை என்றாள் அருள்மலர். அதுவும் உண்மைதான். களைப்பு என்று சொல்லவும் உடம்பில் ஏதாவது தெரிய வேண்டுமே. வீட்டுக்கு வந்து பார்த்தால், பருப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிய ஓகூஸ் நகருக்குப் போகும் வழியிலிருந்த ஆயுதக் கடைக்குப் போனாள். கடைக்காரன் நிக்கலஸ் தாடி வைத்த டெனிஷ்காரன், அவளுடைய கழகத்தில்தான் அவனும் சுடுகிறான். முப்பத்தெட்டுக் குழல் அளவு ரிவோல்வருக்கு, உதை குறைந்த மெதுவான ரவைக்கு என்று அவள் சொன்னதும் அவன் மூன்று டின்களைத் தட்டில் எடுத்து வைத்தான்.

"இது வேகமாக எரியும். ஒரு சிட்டிகை போதும், ஒரு டின் வருடக்கணக்கில் வரும். இது துப்புரவாக எரியும், குழலில் கரி பிடிக்காது. போட்டிக்குச் சுடுகிறவர்கள் இதைத்தான் வாங்குவார்கள். மூன்றாவது உப்பலான மருந்து. இடத்தை அடைக்கும், புகைக்கும், கையெல்லாம் கறுப்பாகும். உனக்கு எது முக்கியம்? செலவா, துப்புரவா, குறியா?"

அருள்மலர் டின்களைப் பார்த்தாள். முப்பத்தெட்டுக் கோது நீளமானது. பழைய கரிமருந்துக் காலத்தில் அந்த மருந்து நிறையக் கொள்ளட்டும் என்று செய்த அளவு அது. இன்றைய மருந்து அதன் அடியில் கொஞ்சமாய்க் கிடக்கும். இன்பநாதன் கோதுகளை விளக்கடியில் பிடித்து ஒவ்வொன்றாய் எட்டிப் பார்ப்பது நினைவுக்கு வந்தது. இரண்டு தரம் விழுந்திருந்தாலும் அந்த ஆழத்தில் இலேசில் தெரியாது. சுடும்போது துவக்கு வெடித்துச் சிதறினால்தான் தெரியும்.

"தவறுதலாய் இரண்டு தரம் போட்டால் கண்ணுக்குத் தெரிகிற மருந்து எது?" என்று கேட்டாள்.

நிக்கலஸ் அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீ இரண்டு தரம் போடமாட்டாய். நீ கவனமான ஆள்."

"நான் போடுவேன்," என்றாள். "இப்போது இருக்கிற நிலையில் போடுவேன்."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இருக்கவில்லை. அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. முதல் இரண்டு டின்களையும் எடுத்து உள்ளே வைத்தான். மூன்றாவதை அவள் பக்கம் தள்ளினான்.

"இது கோதில் பாதிக்கு மேல் நிற்கும். இரண்டாம் தரம் விழுந்தால் வெளியே கொட்டும். அளவை மருந்துக் கொம்பனியின் அட்டவணையில் பார். பழைய அளவை மறந்துவிடு."

சனிக்கிழமை காலை பின்னறை யன்னலைத் திறந்து வைத்து மேசையில் இருந்தாள். இன்பநாதன் விட்டுப்போன அளவைக் கழற்றிவிட்டு, அட்டவணையில் உள்ளபடி கருவியைப் புதிதாகச் சரிப்படுத்தித் தராசில் நிறுத்துப் பார்த்தாள். கோதுகளைத் தட்டில் அடுக்கினாள். இழுத்தாள், விழுந்தது. அடுத்தது. அடுத்தது. வெளியே யாரோ புல்லு வெட்டினார்கள். வேலை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் எதையும் யோசிக்கவில்லை என்றுதான் பிறகு சொன்னாள். தட்டின் நடு வரிசைக்கு வந்தபோது மருந்து கோதின் வாயைத் தாண்டிச் சரிந்து அவள் விரல்மேல் கொட்டியது.

கையை எடுத்தாள். அந்தக் கோதில் ஏற்கெனவே போட்டிருந்தாள். போட்டதாக நினைவே இல்லை.

அருள்மலர் எழும்பவில்லை. எழும்பினால் எதையாவது தட்டிவிடுவோம் என்று பயந்தாள். ஆம், பயம்தான். அது கொஞ்சமாய் வந்து போய்விட்டது. பிறகு எல்லாக் கோதுகளையும் ஒவ்வொன்றாய்க் கவிழ்த்து மருந்தை அதன் டின்னிலேயே திரும்பக் கொட்டினாள். கொட்டிய துகளைத் தூரிகையால் கூட்டி எடுத்தாள். அலுமாரியைப் பூட்டினாள். ஓகூசில் இருக்கும் ஜெனனியை அழைத்தாள்.

"அம்மா?" என்று மட்டும் தமிழில் சொல்லிவிட்டு, என்ன நடந்தது என்று மகள் டெனிஷில் கேட்டாள்.

"ஒண்டும் நடக்கேல்லை பிள்ளை. எனக்கு ஒண்டும் விளங்குதில்லை. செய்யிறது செய்தபடி இருக்கு, நான் அதிலை இல்லை."

ஜெனனியும் தமிழுக்கு மாறினாள். பிழைபிழையான தமிழ்.

"துவக்கு எங்கை அம்மா?"

"பெட்டியிலை. பூட்டித்தான் இருக்கு." மகள் ஏன் கேட்கிறாள் என்று விளங்க அருள்மலருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்பிடி ஒண்டும் இல்லை பிள்ளை. ஆனால் நீ பயப்பிடுவாய் எண்டால் அதை வீட்டிலை வைச்சிருக்கமாட்டன்."

"ஓம். நான் பயப்பிடுறன்."

அன்று மாலையே ஜெனனி வந்தாள். இரண்டு பேருமாய்க் கழகத்துக்குப் போய் ரிவோல்வரைப் போடிலிடம் கொடுத்தார்கள். போடில் அதைக் கழகத்தின் இரும்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, அருள்மலரைக் கட்டிப்பிடிக்க ஒரு எட்டு முன்னே வந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, தோளில் மட்டும் தட்டினாள். திங்கட்கிழமை மகளே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் அவளுக்கு நீண்ட விடுப்பு எழுதினார். கதைப்பதற்கு ஓர் ஆளிடமும் அனுப்பினார்.

கோடை அப்படியே போனது. அவள் நிறையத் தூங்கினாள். கதைக்கப் போன இடத்தில் முதல் சில தடவையும் ஏரியைப் பற்றியும் பேருந்தைப் பற்றியும்தான் கதைத்தாள். ஆவணியில் இன்பநாதன் மாரிக்காலப் பனி டயர்களை எடுக்க வந்தான். வாசலில் நின்றபடியே, "அந்த மருந்தைப் போட்டீரோ?" என்று கேட்டான்.

"இல்லை. எரிச்சாச்சு."

"எல்லாத்தையுமோ? அது நல்ல மருந்தெல்லே!"

"என்ன மருந்து அது?" என்றாள் அவள். அவன் டயர்களை உருட்டிக்கொண்டு போனான். அன்று அவள் அவனுக்குச் சாப்பாடு கட்டவில்லை. கட்டவில்லை என்பதை அடுத்த நாள்தான் கவனித்தாள்.

இலையுதிர்காலத்தில் வேலைக்குத் திரும்பினாள். முதல் மாதம் மாத்திரை கொடுக்கும் வேலை தனக்கு வேண்டாம் என்று தானே கேட்டுக்கொண்டாள். தபால்காரக் கிழவர் ஆளை அடையாளம் கண்டு கையசைத்தார். ரிவோல்வர் கழகப் பெட்டகத்திலேயே இருந்தது. ஜெனனியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தட்டு ரவை செய்தாள். மகளுக்கு ஒரே ஒரு வேலைதான். ஒவ்வொரு கோதையும் எட்டிப் பார்த்து, "ஓம்," என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் சொன்னாள், தமிழில்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அதைச் சுட்டாள். நிக்கலஸ் சொன்னது போலவே புகைத்தது. விரல்கள் கறுத்தன. பக்கத்து வரிசையில் நின்றவன் இருமிக் காட்டினான். இலக்கில் பாதி ஓட்டைகள் வெளிவட்டத்தில் கிடந்தன. நிக்கலஸ் வந்து பார்த்து, "இனி நீ துப்புரவான மருந்துக்கு மாறலாமே, குறியும் திருந்தும்," என்றான்.

"இன்னும் கொஞ்ச நாளுக்கு இதுவே இருக்கட்டும்," என்றாள் அருள்மலர். கையைத் துடைத்துவிட்டு அடுத்த ஆறு ரவைகளை எடுத்தாள்.