சித்தப்பாவின் புறாக்கள்

கறுப்புத் தாள் சுற்றிய ஒரு மருந்து பாட்டில்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று நர்ஸ் அப்படிச் சுற்றி வைத்திருந்தாள். அந்த மஞ்சள் மருந்து சொட்டுச் சொட்டாக உடம்பில் ஏறத் தொடங்கியதும் சித்தப்பாவுக்கு நடுக்கம் கண்டுவிடும். இரும்புக் கட்டில் தடதடக்கும். சித்தி அவர் கால்களின்மேல் குறுக்காகப் படுத்துக்கொண்டு, "ஆடு, நல்லா ஆடு. எம்புட்டு நேரம் ஆடுதன்னு நானும் பாக்கேன்" என்று அந்த நடுக்கத்தையே அதட்டுவாள். பல் கிட்டிக்கொண்ட நிலையிலும் சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அறுபதுகளின் கடைசி. எனக்குக் கோட்டைப் பகுதியில் டைப்பிஸ்ட் வேலை. லேபர் கேம்ப் என்ற தொழிலாளர் குடியிருப்பில் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். பிள்ளையில்லாத வீடு. சித்தப்பா வடாலாவில் ஒரு பட்டறையில் வெல்டர். சிறுநீரகம் பழுதாகி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளைச் சாப்பிட்டுவந்தார். உடம்பு வீக்கம் வடிந்தது, முகம் மட்டும் பூரிபோல் உப்பியது. பிறகு ஓயாத தலைவலி, வாந்தி. எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தபோது, பூஞ்சை மூளையின் உறைவரை போயிருந்தது.

டாக்டர் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர். "ஆத்துல புறா வளக்கறேளா?" என்று கேட்டார்.

சித்தி திகைத்துப்போனாள். "ஆத்துல எப்படி சார் வளக்க? தண்ணியில போயிராதா? நாங்க கூரையில கூண்டு வச்சில்லா வளக்கோம்."

டாக்டர் சிரிக்கவில்லை. காய்ந்த புறா எச்சத்தின் தூசியில் அந்தப் பூஞ்சை இருக்கலாம், நல்ல உடம்பை ஒன்றும் செய்யாது, எதிர்ப்புச் சக்தி குறைந்தவரைக் கொன்றுவிடும் என்றார். இந்த மருந்து சிறுநீரகத்தையே மேலும் கெடுக்கக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை. சித்தி என் கையைப் பற்றிக்கொண்டாள். "உசுரு நிக்கட்டும் சார். மத்தத பொறவு பாத்துக்கிடலாம்."

இன்று செம்பூரில் என் மேல்மாடிப் பெண் தன் தாயின் சிறுநீரகத்தைப் பொருத்திக்கொண்டு வந்திருக்கிறாள். புறா அண்டக்கூடாது என்று அவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். பால்கனி முழுக்க வலை அடித்துவிட்டாள். அவளுக்கு அது வெறும் எச்சரிக்கை. சித்திக்கு அப்படியில்லை. மாலையில் பட்டறையிலிருந்து வந்தால் சித்தப்பா முகம் கழுவுவதற்கு முன்பே கூரைக்குத்தான் ஏறுவார். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

அவரிடம் சொல்லாமலே சித்தி புறாக்களைக் கூடையில் அடைத்து, தொலைவிலுள்ள அம்பர்நாத்தில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள். மறுநாள் எல்லாம் கூரையில் இருந்தன. சித்தி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு வாயில் துணி கட்டிக்கொண்டு, தூசி பறக்காமல் தண்ணீர் ஊற்றி, கூண்டைத் தன் கையாலேயே பிரித்துப்போட்டாள். ஆஸ்பத்திரியில் அவர் கேட்கும்போதெல்லாம், "அதுகளுக்கு என்ன, ஜோரா இருக்கு" என்பாள். வெளியே வந்து என்னிடம், "கண்டா என்னைய வெட்டிப்போட்டுருவாரு" என்பாள்.

சித்தப்பா பிழைத்தார். ஒரு கண் மங்கிப்போயிற்று; சிறுநீரகம் எப்படியோ தாக்குப்பிடித்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலில் டாக்ஸியை விட்டு இறங்கியதும் அண்ணாந்து பார்த்தார். வெறும் தகரக் கூரை. அதன் விளிம்பில் போக்கிடமில்லாமல் நாலைந்து புறாக்கள்.

"கூண்ட எங்கட்டி?"

"அடுப்புல வச்சிட்டேன்." சித்தி தலை நிமிரவில்லை.

டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். அவர் குரல் கேட்டோ என்னவோ, ஒரு சாம்பல் புறா இறங்கி அவர் காலடிக்கு வந்தது. அவர் குனியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசினார். அது தத்தி விலகி மறுபடி வந்தது. மறுபடி வீசினார்.

"போங்க மக்கா," என்றார், குரல் உடைய. "ஒங்க அம்ம ஏசுவா. போங்க."

ஆஸ்பத்திரியில் ஒருநாளும் அழாத சித்தி, நடுத்தெருவில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.