ட்ரோ இல்லாத ஆட்டம்

ஞாயிறு பிற்பகல் மூன்று ஐம்பத்திரண்டு. ரொறன்ரோவில், மில்லிக்கன் பிளாசா கடைத்தொகுதியில் கொத்துரொட்டிக்குக் காத்து நின்றபோது, கடைத் தொலைக்காட்சியில் முதலில் கண்ணில் பட்டது ஸ்கோர்தான். பேஸ்போல் ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து நான்குக்கு நான்கு.

ரொறன்ரோ அணி பேஸ்போலில் அடுத்தடுத்து இரண்டு வருடம் சம்பியனான காலத்தில் எனக்குப் பத்து வயது. அப்பா தொழிற்சாலையொன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தார். அங்கே ரேடியோ கேட்கத் தடை. இடைவேளையில் வீட்டுக்குப் போன் எடுத்து என்னிடம் ஸ்கோர் கேட்பார். அதை அறியத்தான் மற்றவர்கள் அவரைச் சுற்றி நிற்பார்கள். வேறு நேரத்தில் அவருடன் யாரும் பேசுவதில்லை.

அந்த நாட்களில் ஒருநாள், வழக்கம்போல நாலு பத்துக்கு எடுத்தார்.

"என்ன மாதிரி, பிள்ளை?"

"நாலுக்கு நாலு. ட்ரோ, அப்பா."

"முடிஞ்சுதோ? வடிவாப் பாத்தனியோ?"

"ஓம், ஒன்பதும் முடிஞ்சுது. எல்லாரும் உள்ளுக்குப் போயிட்டினம்."

ரீவியை நிறுத்திவிட்டேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த வீடு எங்களுடையது. பேஸ்போலில் யாராவது வெல்லும்வரை ஆடுவார்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஆறரைக்கு அப்பா வந்தார்.

"ட்ரோ எண்டு சொன்னன். விழுந்து விழுந்து சிரிச்சவங்கள்," என்றார் அம்மாவிடம். "பதினோராவது இன்னிங்ஸிலை எங்கடை ஆக்கள் வெண்டிட்டாங்களாம்."

"பிள்ளை சொன்னதெண்டு சொல்லியிருக்கலாமே?"

"மெஷின் சத்தத்திலை எனக்குத்தான் பிழையாக் கேட்டதெண்டு சொல்லிட்டன்."

இனி அவர் போன் எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த நாள் நாலு பத்துக்கு மணி அடித்தது.

"என்ன மாதிரி, பிள்ளை?"

அன்று ஆட்டம் இருக்கவில்லை.